பளிங்கு குகல்ஹுப்

பளிங்கு குகல்ஹுப் என்பது ஆஸ்திரிய வீடுகளில் தலைமுறைகளாகச் சுடப்பட்டுவரும் கேக். நடுவில் குழலும் பக்கவாட்டில் சாய்ந்த வரிப்பள்ளங்களும் உள்ள உயரமான அச்சில், வெள்ளை மாவையும் கொக்கோ கலந்த மாவையும் அடுக்கிச் சுடுவார்கள். துண்டு போட்டால் இரண்டு நிறமும் பளிங்கு ரேகைகளாக ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருக்கும். இதற்கு க்ரீமோ ஐசிங்கோ கிடையாது. பொடித்த சர்க்கரையைச் சலித்து மேலே தூவுவதே அலங்காரம்.

கோவை, பொள்ளாச்சி பேக்கரிகளில் மார்பிள் கேக் என்ற பெயரில் கிடைப்பது இதன் தூரத்து உறவு. அது பெரும்பாலும் நீள அச்சில் சுட்டு வில்லைகளாக வெட்டப்படுவது. குகல்ஹுப்பில் வெண்ணெய் கூடுதல். முட்டையின் மஞ்சள் கருவையும் வெண்கருவையும் தனித்தனியாக அடித்துச் சேர்ப்பது அதன் அடிப்படை முறை. மாவு எவ்வளவு எழும்ப வேண்டும் என்பதைச் சுடுபவரின் கையே பெரிதும் தீர்மானிக்கிறது. உயரமான இடங்களில் மாவு எழும்பும் விதம் மாறும்; அதனால்தான் வால்பாறை போன்ற மலையூர்களின் வீட்டுச் சமையலறைக்கு இது மிகவும் ஏற்ற கேக்.

வரலாறு

குகல்ஹுப் ஆஸ்திரியாவுக்கு மட்டும் உரியதல்ல. தென் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, செக் நாடு, ஹங்கேரி, ஸ்லோவேனியா, பிரான்சின் அல்சாஸ் ஆகிய பகுதிகளிலும் வெவ்வேறு பெயர்களில் வழங்குகிறது. பழைய வகைகள் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த மாவில் செய்யப்பட்டவை. உலர்திராட்சையும் பாதாமும் சேர்த்த அல்சாஸ் வகை இன்றும் அப்படித்தான் செய்யப்படுகிறது. குழந்தை இயேசுவைக் காணச் சென்ற மூன்று ஞானியர் தங்களை உபசரித்தவருக்கு நன்றியாகத் தலைப்பாகை வடிவில் இதைச் செய்து கொடுத்ததாக அல்சாஸில் ஒரு கதை உண்டு.

வியன்னா மக்கள் மனத்தில் இந்த வடிவம் எவ்வளவு ஊறியது என்பதற்கு ஒரு கட்டடமே சான்று. மனநோயாளிகளுக்காக 1784-இல் அங்கே கட்டப்பட்ட வட்டமான கோபுரத்தை ஊரார் குகல்ஹுப் என்றே அழைத்தார்கள். பேரரசர் முதலாம் பிரான்ஸ் யோசப் (1830–1916) இந்த கேக்கை விரும்பிச் சாப்பிட்டவர். கோடைக்காலத்தை அவர் பாட் இஷ்ல் என்ற மலையடிவார ஊரில் கழித்தார். அவருடைய நெருங்கிய தோழியான நாடக நடிகை கத்தரீனா ஷ்ராட் அங்கே காலைச் சிற்றுண்டியின்போது அவருக்கு குகல்ஹுப் பரிமாறியது ஆஸ்திரியாவில் எல்லோரும் அறிந்த செய்தி.

பளிங்கு வகை 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு இரண்டு மாற்றங்கள் வழிவிட்டன. 1828-இல் நெதர்லாந்தில் வான் ஹௌட்டன் குடும்பத்தார் கொக்கோ விழுதிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்துப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார்கள். மாவில் எளிதாகக் கலக்கும் கொக்கோத் தூள் அதனால் கிடைத்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் பேக்கிங் பவுடர் கடைச்சரக்கானது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகர மருந்துக்கடைக்காரர் ஆகஸ்ட் ஓட்கர், 1890-களில் அதைச் சிறு பொட்டலங்களில் அளந்து விற்று வீடுதோறும் கொண்டு சேர்த்தார். ஈஸ்ட் மாவு புளிக்கும்வரை காத்திருந்த வேலை விரைவாக முடியத் தொடங்கியது. அமெரிக்காவில் அக்காலத்துப் பளிங்கு கேக்குகளின் கறுப்புப் பகுதிக்குக் கரும்புப் பாகும் பட்டை, கிராம்பு போன்ற மசாலாக்களும் நிறம் தந்தன. கொக்கோ பின்னர்தான் அந்த இடத்தைப் பிடித்தது.

தென்னிந்தியாவுக்கு கேக் வந்தது பெரும்பாலும் ஆங்கிலேயர் வழியில். 1883-இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர், மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கேட்டபடி கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. வால்பாறை அமைந்துள்ள ஆனைமலையில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் காடு திருத்திய காலமும் அந்த நூற்றாண்டின் இறுதிதான். பழங்கள் நிறைந்த ஆங்கில கேக் ஊன்றிய அளவுக்கு ஆஸ்திரிய கேக் இங்கே ஊன்றவில்லை. ஆனால் அதற்கு வேண்டியவை எல்லாம் இன்று கொங்கு நாட்டிலேயே கிடைக்கின்றன.

அச்சு

உயரமான கேக்கை வெறும் வட்டப் பாத்திரத்தில் சுட்டால் ஓரம் கருகும்வரை நடுப்பகுதி மாவாகவே இருக்கும். நடுக்குழல் வழியாக வெப்பம் உள்ளேயும் ஏறுவதால் குகல்ஹுப் இருபுறமும் சமமாக வேகிறது. எழும்பும் மாவு பற்றி ஏறவும் குழல் உதவுகிறது. பழைய அச்சுகள் செம்பிலும் சுட்ட மண்ணிலும் செய்யப்பட்டன. 1950-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டேவிட் டால்க்விஸ்ட் இந்த வடிவத்தைத் தழுவி வார்ப்பு அலுமினியத்தில் செய்ததே பண்ட் அச்சு. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். 22 செ.மீ. விட்டமுள்ள அச்சு கீழே தரும் அளவுக்குச் சரியாக இருக்கும்.

பொருட்கள்

கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களுக்கான அளவு: உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், முட்டை 4, மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பால் 100 மி.லி., கொக்கோத் தூள் 25 கிராம், கொக்கோவுக்குத் தனியாகப் பால் 2 மேசைக்கரண்டி, வெனிலா, எலுமிச்சைத் தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. ஆஸ்திரியர் சிறிது ரம் சேர்ப்பதும் உண்டு.

வெண்ணெய்க்குத் திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளி பெயர்பெற்றது. அங்கிருந்து வரும் உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் இதற்கு நன்றாகப் பொருந்தும். நீர் கசிந்தால் வடித்துவிட்டு எடைபோட வேண்டும். முட்டை நாமக்கல்லிலிருந்து வருகிறது. ஆனைமலை அடிவாரத்திலும் பொள்ளாச்சிப் பகுதியிலும் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது. மொத்தச் சர்க்கரையில் 30 கிராமைக் குறைத்து, அதே அளவு கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைக் கொக்கோவோடு கறுப்புப் பகுதியில் சேர்க்கலாம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் அதே சரக்கு இது. ஈரத்தை நன்றாகப் பிடித்துவைப்பதால் கறுப்புப் பகுதி விரைவில் உலராது. ஓர் ஏலக்காயைப் பொடித்துப் போட்டால், மசாலா மணந்த பழைய பளிங்கு கேக்கின் சுவைக்கு அருகில் வந்துவிடும்.

செய்முறை

அச்சைத் தயார்செய்வது முதல் வேலை. இளகிய வெண்ணெயை ஒவ்வொரு பள்ளத்திலும், குழலைச் சுற்றியும் தூரிகையால் தடவி, சிறிது நேரம் குளிரவைக்க வேண்டும். உருகிய வெண்ணெய் வழிந்து அடியில் தேங்கினால் மேடுகளில் கேக் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஆஸ்திரியர் ரொட்டித் தூளோ பொடித்த பருப்போ தூவுவார்கள். இங்கே ரஸ்க்கை மிக்சியில் நைசாகப் பொடித்துத் தூவலாம்.

வெண்ணெயையும் முக்கால் பங்கு சர்க்கரையையும் வெளுத்துப் பொங்கும்வரை அடிக்க வேண்டும். மஞ்சள் கருக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வெனிலாவும் எலுமிச்சைத் துருவலும் போட வேண்டும். வெண்கருவை உப்புடன் தனியாக அடித்து, மீதிச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அந்தப் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள் கருவின் ஒரு துளியோ இருந்தாலும் நுரை சரியாகக் கட்டாது. சலித்த மைதா, பேக்கிங் பவுடர் கலவையையும் பாலையும் மாற்றி மாற்றி வெண்ணெய்க் கலவையில் சேர்த்தபின், நுரையை மூன்று தவணையாக இட்டு, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்க வேண்டும். இங்கே வேகமாகக் கலக்கினால் அதுவரை சேர்த்த காற்று வெளியேறிவிடும்.

கலவையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, பாலில் குழைத்த கொக்கோவைச் சேர்ப்பது அடுத்த படி. கொக்கோத் தூள் ஈரத்தை உறிஞ்சும். அதை உலர்ந்தபடியே போட்டால் கறுப்பு மாவு இறுகி, வெள்ளை மாவோடு இழையாமல் கட்டியாக நிற்கும். இரண்டு மாவும் கரண்டியிலிருந்து ஒரே வேகத்தில் விழ வேண்டும். கோலம் தெளிவாக அமைவதற்கு இதுவே முக்கியம்.

வெள்ளை மாவில் பாதியை அச்சில் ஊற்றி, அதன்மேல் கறுப்பு மாவை வளையமாக இட்டு, மீதி வெள்ளையால் மூட வேண்டும். ஒரு முள்கரண்டியை அடிவரை இறக்கி, சிறு சுருள்களாகச் சுழற்றிக்கொண்டே குழலைச் சுற்றி ஒரே ஒரு வலம் வர வேண்டும். இன்னொரு முறை சுற்றினால் ரேகை கலைந்து, கேக் முழுக்க வெளிர்பழுப்பாகிவிடும்.

175 பாகை செல்சியஸில் 50 முதல் 60 நிமிடம் சுட வேண்டும். முதல் 35 நிமிடம் ஓவனைத் திறக்கக் கூடாது. சுத்தமான தென்னை ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். வெளியே எடுத்ததும் 10 முதல் 15 நிமிடம் அச்சிலேயே விட்டுக் கவிழ்க்க வேண்டும். சூட்டோடு கவிழ்த்தால் உடையும். முழுக்க ஆறினால் வெண்ணெய் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

வால்பாறையில் சுடும்போது

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அடையும் வால்பாறை சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 96 பாகையைத் தாண்டியதுமே கொதித்துவிடும். இதனால் மாவில் இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. வாயுக்குமிழிகள் கூடுதலாக விரிகின்றன. ஈரம் விரைவாக ஆவியாகிறது. மாவு வெந்து இறுகுமுன் குமிழிகள் பெருத்து உடைந்தால் கேக் எழும்பிப் பின் நடுவில் அமுங்கும். சமவெளிக் குறிப்பை அப்படியே பின்பற்றி மலையில் சுடுபவர்களுக்கு நேரும் வழக்கமான ஏமாற்றம் இது.

இதற்கான திருத்தங்கள் எளியவை. பேக்கிங் பவுடரை 1¾ தேக்கரண்டியாகக் குறைக்க வேண்டும். சர்க்கரை மாவு இறுகுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் 185 கிராம் போதும். பாலை 125 மி.லி. ஆக்க வேண்டும். ஓவனை 185 பாகையில் வைத்தால் கேக்கின் கட்டுமானம் விரைவாக நிலைபெறும். 45-ஆவது நிமிடத்திலேயே ஈர்க்கு குத்திப் பார்த்துவிட வேண்டும். வெண்கருவைக் கெட்டியாக நிமிர்ந்து நிற்கும்வரை அடிக்காமல், நுனி மெல்லச் சாயும் பதத்தில் நிறுத்த வேண்டும். பேக்கிங் பவுடரை மாவில் கலந்தபின் அதன் போக்கை மாற்ற முடியாது. வெண்கருவை அடிக்கும்போது நுரை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்து நிறுத்தலாம். பழைய ஆஸ்திரிய முறை மலையில் கைகொடுப்பது இதனால்தான்.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்கழிக் காலையில் வெண்ணெயும் முட்டையும் சில்லென்று இருந்தால் கலவை திரியும். வெண்ணெய்க் கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரின்மேல் சிறிது நேரம் வைத்து, விரல் அழுந்தும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முட்டையையும் வெந்நீரில் சில நிமிடம் போட்டுவைக்கலாம். பொள்ளாச்சியில் சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறாகக் கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் வைக்க வேண்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழையில் மைதா ஈரம் கோத்துக் கட்டிபடும் என்பதால் இருமுறை சலிப்பது நல்லது.

ஓவன் இல்லாத வீடுகளிலும், மின்சாரம் நிற்கக்கூடிய மழைநாட்களிலும் குக்கர் துணைக்கு வரும். அச்சு தாராளமாக உள்ளே அடங்கும் பெரிய குக்கரின் அடியில் இரண்டு கிண்ணம் கல்லுப்பைப் பரப்பி, ஒரு தாங்கியை வைக்க வேண்டும். கேஸ்கட்டையும் விசிலையும் நீக்கிவிட்டு மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடேற்ற வேண்டும். பிறகு அச்சை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து, ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். அச்சு குக்கரின் பக்கங்களைத் தொடக் கூடாது. மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது. கவிழ்த்தபின் அந்தப் பக்கம் அடியில் போய்விடுவதால் அது குறையாகத் தெரியாது. எஸ்டேட் லயன் வீட்டின் ஒற்றை அடுப்பிலும் குகல்ஹுப் சுட முடியும்.

பரிமாறுதலும் பாதுகாப்பும்

ஆஸ்திரியாவில் இது பிற்பகல் காப்பியோடு உண்ணும் பண்டம். இனிப்பு அளவாகவும் வெண்ணெய் மணம் மேலோங்கியும் இருப்பதால் சர்க்கரை குறைத்துப் போட்ட வால்பாறைத் தேநீரோடும் நன்றாகச் சேரும். ஈரக்காற்றில் பொடித்த சர்க்கரை விரைவில் கரைந்துவிடும் என்பதால் பரிமாறும் நேரத்தில்தான் தூவ வேண்டும். சுட்ட அன்றைவிட மறுநாள் கொக்கோவின் சுவை நன்கு இறங்கியிருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் 3 அல்லது 4 நாள் கெடாமல் இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வெண்ணெய் இறுகிக் கேக் கெட்டியாகும் என்பதால் வெளியே வைப்பதே மேல். வெட்டிய முகம் விரைவில் உலர்ந்துவிடும். வேண்டும்போது வேண்டிய அளவுக்கு மட்டும் வெட்டிக்கொண்டால் கடைசித் துண்டும் மென்மை குன்றாமல் இருக்கும்.