பட்டாசுக்காரர்களின் கடற்கரை

ஊருக்கெல்லாம் கோடை என்றால் விடுமுறை. எங்கள் ஏழாயிரம்பண்ணையில் கோடைதான் வேலை மும்முரம். பட்டாசு மருந்து காய வெயில் வேண்டும். பட்டாசு ஆலைக்காரருக்கு ஓய்வு தீபாவளிக்குப் பிறகுதான். ஆலை அடைத்ததும் நாங்கள் தேடிப் போகும் கடல் திருச்செந்தூர். ஐப்பசி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் அந்த மணலில் சூரசம்ஹாரம்.

முன்பு வண்டி கட்டியும் நடந்தும் போன தலம் அது. 1923-இல் திருநெல்வேலியிலிருந்து ரயில் வந்தது. கல்கத்தாவில் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் எங்கள் பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கியதும் அதே ஆண்டுதான். வேலையும் கடலுக்கான வழியும் ஒன்றாகவே வந்தன.

அலுமினியப் பொடி ஏறிய விரல்களை என் அம்மா முதலில் அலையில் நனைத்து மணலால் தேய்ப்பார். நகக்கண் வெளுத்த பிறகே நாழிக்கிணற்றுக்குப் படியிறங்குவார். கடலையொட்டி நல்ல தண்ணீர் ஊறும் கிணறு அது. திரும்பும்போது பையில் உடன்குடிக் கருப்பட்டி இருக்கும்.

எங்களைப் போலவே இங்கிலாந்தின் பஞ்சாலைத் தொழிலாளர்களும் ஆலை அடைத்த வாரத்தில் ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போனவர்களே. 1938-இல் அங்கே சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்குச் சட்டம் வந்தது. நம் 1948 தொழிற்சாலைச் சட்டமும் ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, 20 நாளுக்கு ஒருநாள் சம்பள விடுப்பு என்று எழுதியது. ஆனாலும் எண்ணிக்கைக் கூலிக்கு உழைப்பவருக்கு ஆலை அடைத்த நாள் கூலியில்லாத நாள்தான். அந்த நாட்களுக்கும் கூலி கொடுங்கள். எங்கள் குடும்பங்கள் கடன் வாங்காமல் கடலுக்குப் போகட்டும்.