கம்பளா

கம்பளா, துளு நாட்டில் சேற்றுத் தடத்தில் நடக்கும் எருமைப் பந்தயம். கர்நாடகத்தின் தட்சிண கன்னடம், உடுப்பி மாவட்டங்களிலும் கேரளத்தின் காசர்கோடு பகுதியிலும் நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை நடைபெறும். வயலுக்கும் தெய்வத்துக்கும் செய்த வழிபாட்டோடு வளர்ந்த ஆட்டம் இது. முன்பு வென்றவருக்குத் தேங்காயும் வாழைக்குலையும்தான் பரிசு. இப்போது தங்க நாணயம் தருகிறார்கள்.

பெரிய கம்பளாக்களில் இரண்டு தடங்கள் அடுத்தடுத்து இருக்கும். இதை ‘ஜோடுகரே’ என்பர். மூடபித்ரி ஊரில் அத்தடங்களுக்குத் துளுநாட்டு வீரர்களான கோட்டி, சென்னயா பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஒரு தடத்துக்கு ஒரு ஜோடி எருமைக்கடா; பின்னால் ஓட்டுபவர் வெறுங்காலோடு ஓடுவார். ஏர் பூட்டி ஓடுவது ‘நேகிலு’, கயிற்றைப் பிடித்து ஓடுவது ‘ஹக்க’.

கம்பளாவின் தனி அழகு ‘கனே ஹலகே’ பிரிவில் இருக்கிறது. இதில் வேகம் கணக்கில்லை. துளையிட்ட மரக்கட்டையை எருமைகள் இழுக்க, ஓட்டுபவர் அதன்மேல் ஒரு காலை ஊன்றி நிற்பார். கட்டை நீரைக் கிழித்துப் போகும்போது துளை வழியே தண்ணீர் செங்குத்தாகப் பீறிட்டு எழும். தடத்துக்குக் குறுக்கே உயரத்தில் கட்டிய துணியை அது நனைத்துவிட்டால் வெற்றி.

2020 பிப்ரவரியில் நடந்த ஒரு கம்பளாவில் ஓட்டுபவரான ஸ்ரீநிவாச கவுடா 142.5 மீட்டரை 13.62 வினாடியில் கடந்தார். உடனே அவரை ஓட்டப்பந்தய வீரர் உசைன் போல்ட்டோடு ஒப்பிட்டார்கள். அது பொருந்தாத ஒப்பீடு. கவுடாவை முன்னால் இழுத்துச் சென்றவை எருமைகள். சேற்றில் அவற்றின் வேகத்துக்குக் கால் தடுமாறாமல் ஈடுகொடுத்ததே அவருடைய திறமை.

இந்த மரபில் மறைக்கக்கூடாத கறையும் உண்டு. கொரகர் பழங்குடியினரைக் கம்பளாவுக்கு முன் சேற்றில் எருமைபோல் ஓடவிட்ட கொடுமை நடந்திருக்கிறது. அவர்களை இழிவுபடுத்திய ‘அஜலு’ வழக்கத்தைக் கர்நாடகம் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்தது.

எருமைகளைச் சாட்டையால் அடிப்பதை விலங்குநல அமைப்புகள் எதிர்த்தன. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் வந்த உச்ச நீதிமன்றத் தடைத் தீர்ப்பை அடுத்துக் கம்பளாவும் முடங்கியது. கம்பளாவை அனுமதிக்கக் கர்நாடகம் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. ஜல்லிக்கட்டுக்கான தமிழ்நாட்டுச் சட்டத்தோடு சேர்த்து, அத்திருத்தமும் செல்லும் என்று 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் தடம் வெட்டி, தண்ணீர் நிரப்பி, கம்பளா நடத்தினார்கள்.