லாக்கில் இருக்கும் பெயரை நம்பலாமா?

18-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் கைவேலைத் துப்பாக்கி, 'கென்டக்கி ரைஃபிள்'. பெயர்தான் கென்டக்கி, பெரும்பாலும் செய்தது பென்சில்வேனியாவில்!

பழைய துப்பாக்கி ஒன்று கிடைத்தால், பக்கவாட்டில் தீப்பொறி கிளப்பும் லாக்கில் பெயர் தேடுவோம். அங்கேதான் ஏமாந்துடுவோம். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்த லாக்கைக் கொல்லர்கள் வாங்கி மாட்டியதுண்டு. அதிலிருப்பது லாக் செய்தவர் பெயராக இருக்கலாம்.

குழலின் மேற்பக்கத்தைப் பாருங்க. லான்காஸ்டரைச் சேர்ந்த ஜேக்கப் டிக்கர்ட் அங்கேதான் தன் பெயரைப் பொறித்தார்.

பெயரே இல்லையா? குண்டைச் சுற்றும் துணி வைக்க, பின்கட்டையில் பித்தளை மூடி போட்ட பெட்டி இருக்கும். மூடியின் தலைப்பில் டெய்சிப் பூ இருந்தால் லான்காஸ்டர் பாணி. ஆனால் அது ஊரைத்தான் காட்டும், ஆளை அல்ல.

அவசரப்பட்டு லாக்கின் பெயரை எழுதிவைத்தால், கட்டை செதுக்கித் துப்பாக்கியை உருவாக்கியவர் வரலாற்றிலிருந்தே காணாமல் போயிடுவார். அதைவிட 'செய்தவர் தெரியவில்லை' என்பதே நேர்மை.