துருத்தியில் பிறந்த விமான இருக்கை

கொடுமுடி என்றதும் நம் நினைவுக்கு வருவது, 1908இல் அங்கே பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் குரல். அன்றைய நாடக மேடைப் பாட்டுக்குத் துணை நின்றது ஆர்மோனியம். ஆர்மோனியத்தின் உயிரோ துருத்தி. விமானப் பயிற்சி இருக்கையும் அதே துருத்தியில் பிறந்ததென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில், தந்தையின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் வளர்ந்தவர் எட்வின் லிங்க். 1929இல் அவர் ஒரு சிறு மரவிமானத்தை ஆர்கன் துருத்திகளின்மேல் அமர்த்தினார். உள்ளே இருப்பவர் கோலை அசைத்தால் அது சாயும், திரும்பும். கேளிக்கைப் பூங்காக்களே அதை விரும்பின. 1934இல் அஞ்சல் விமானங்களை ஓட்டப் புகுந்த அமெரிக்க இராணுவம், மோசமான வானிலையில் விமானிகள் பலரை இழந்தது. அதன்பின்னரே 6 கருவிகளை வாங்கியது.

இன்று வீட்டில் கணினிமுன் பறப்போருக்கும் இருக்கையே முதற்பாடம். சக்கர நாற்காலி, கால்மிதியை அழுத்தியதும் பின்னே ஓடிவிடும். பழைய கார் இருக்கையையும் கால்மிதியையும் ஒரே பலகையில் முடுக்குவதே நன்று. முதலில், திரையின் தொடுவானம் கண்மட்டத்தில் அமையட்டும். பிறகு, முழங்கால் சற்றே மடங்கும் தொலைவில் மிதி. இறுதியில், முழங்கை தளர்ந்திருக்கும் இடத்தில் கோல்.

கால் ஆர்மோனியம் வாசிப்பவரும் இருக்கையைச் சரிசெய்த பின்னரே மிதியில் கால் வைப்பார். இருக்கை அசையாதிருந்தால், கொடுமுடிக் காவிரியின்மேல் நாமும் நிம்மதியாக வட்டமிடலாம்.