எண்ணெய்ப் படலமும் டேர்போ எஞ்சினும்: ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவும் வலுவின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அப்பொறிகளைப் பேணுவதற்கு மனிதர் பயின்றுகொண்ட ஒழுங்குகளின் வரலாறு அத்துணை கவனம் பெறவில்லை. டேர்போ பொருத்திய மோட்டார் வண்டியை முடுக்கி ஓட்டுமுன் அதன் எஞ்சினைச் சூடேறவிட வேண்டும் என்னும் விதி அத்தகைய ஒழுங்குகளுள் ஒன்றாகும். ஓட்டுநரின் சிறு வழக்கமாகத் தோன்றும் இவ்விதி எங்கே வேர்கொண்டது, யாருடைய பொறுப்பிலிருந்து யாருடைய பொறுப்புக்கு மாறியது என்பன ஆராயத்தக்கன.

இதன் வேர் டேர்போவின் பிறப்புக்கும் முற்பட்டது. 1883இல் பிரித்தானியப் பொறியியலாளர் பீச்சம் ரவர் புகைவண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்தார். தாங்கியில் துளையொன்று இட்டபோது அதன்வழி எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. துளையைத் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் நிலைக்கவில்லை. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் சென்று பேரமுக்கம் உடைய மெல்லிய படலமொன்றை உண்டாக்குகின்றது என்பதும், அப்படலமே பாரத்தைத் தாங்குகின்றது என்பதும் இதனால் வெளிப்பட்டன. 1886இல் மன்செஸ்ரர் பேராசிரியர் ஒஸ்போண் ரெனோல்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். எண்ணெயின் பாகுநிலையே படலத்தின் தன்மையைத் தீர்மானிக்கின்றது என்பதும், பாகுநிலை வெப்பத்தோடு பெரிதும் மாறுவது என்பதும் பின்வந்த பொறியியலாளர் அனைவருக்கும் அடிப்படை அறிவாயின.

1905இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூகி, எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றி, அதனோடு இணைந்த அமுக்கி மூலம் எஞ்சினுக்குள் மிகுதியான வளியைச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறை பயன்பாட்டுக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 1920களின் நடுப்பகுதியில், ஜேர்மனியின் ‘புறொய்சன்’, ‘ஹன்சாஸ்ராட் டன்சிக்’ என்னும் பயணிகள் கப்பல்களுக்கான டீசல் எஞ்சின்களின் வலு இம்முறையால் 1,750 பரிவலுவிலிருந்து 2,500 பரிவலுவாக உயர்ந்தது. இதற்கிடையில், 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்ட் மொஸ் 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ‘லிபேர்ட்டி’ விமான எஞ்சினைக் கொண்டு சென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 பரிவலு தந்த அவ்வெஞ்சின் உச்சியின் மெல்லிய வளியில் 230 மட்டுமே தந்தது. டேர்போவைப் பொருத்தியபோது 356 தந்தது.

இக்கட்டத்தில் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. கப்பலிலும் விமானத்திலும் டேர்போ தனித்து இயங்கவில்லை. பயிற்சி பெற்ற மனிதர் அதன் அருகில் இருந்தனர். கப்பலின் எஞ்சின் அறையில் முறைவைத்துக் கண்காணித்தோர், பொறியைத் தொடக்குமுன் அதன் குளிர்நீரைச் சூடாக்கினர். சுமையைப் படிப்படியாகவே ஏற்றினர். விமானிகள் எண்ணெயின் வெப்பநிலை குறித்த அளவை எட்டும்வரை மேலெழாது காத்திருந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி-17 விமானங்களில், டேர்போவைக் கட்டுப்படுத்திய எண்ணெய்க் கருவிகள் உயர்வானின் கடுங்குளிரில் எண்ணெய் தடித்தமையால் செயல் மந்தமுற்றன. பின்னர் அவற்றுக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாடு புகுத்தப்பட்டது. ஆக, பொறியின் பொறுமையின்மையை மனிதரின் ஒழுங்கு ஈடுசெய்தது எனலாம்.

1962இல் அமெரிக்காவில் ‘ஓல்ட்ஸ்மொபைல் ஜெற்பயர்’, ‘கோர்வெயர் மொன்சா ஸ்பைடர்’ ஆகிய வண்டிகள் டேர்போவைச் சாதாரண ஓட்டுநரிடம் கொண்டுவந்தன. பொறி வந்தது, அதனைச் சூழ்ந்திருந்த ஒழுங்கு உடன் வரவில்லை. ஜெற்பயர் எஞ்சினுக்கு நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை ஓட்டுநர் அவ்வப்போது நிரப்ப வேண்டியிருந்தது. பலர் நிரப்பவில்லை. அடுத்த ஆண்டோடு அவ்வண்டியின் உற்பத்தியே நின்றுபோயிற்று. கருவியின் குறைபாடுகளோடு, பயன்படுத்துவோரிடம் அதற்கான பழக்கம் இல்லாமையும் இத்தோல்விக்கு ஒரு காரணமாகும். 1973இல் ‘பி.எம்.டபிள்யூ 2002 டேர்போ’, 1974இல் ‘போர்ஷே 911 டேர்போ’, 1977இல் ‘சாப் 99 டேர்போ’ என ஐரோப்பிய வண்டிகள் தொடர்ந்து அறிமுகமான காலத்திலேயே, சூடேற்றும் விதி ஓட்டுநரின் கடமையாக வேரூன்றியது.

அக்கடமையின் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. மோட்டார் வண்டியின் டேர்போ அச்சு நிமிடத்துக்கு 100,000 சுற்றுகளுக்கு மேலும் சுழல வல்லது. அதன் ஒருபுறம் கொதிக்கும் புகை, மறுபுறம் வெளிவளி, நடுவே அதனைத் தாங்குவது மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம். சாதாரண எஞ்சின் எண்ணெய் 40 பாகை செல்சியசில் உள்ள பாகுநிலை, 100 பாகையில் உள்ளதைப் போல் ஆறு முதல் பத்து மடங்கு வரை மிகுந்தது. எனவே வெப்ப நாடுகளின் காலைப்பொழுதிலும் எண்ணெய் தடித்தே இருக்கும். குறுகிய வழிகளுள் தயங்கியே ஓடும். அன்றியும், அலுமினியப் பிஸ்டனும் இரும்பு உருளையும் ஒரே அளவில் விரிவடைவதில்லை. ஆயினும் வண்டியை நிறுத்தி வைத்து நெடுநேரம் எஞ்சினை ஓடவிடுதல் இதற்குத் தீர்வாகாது. குளிர்ந்த எஞ்சினின் மிகையெரிபொருள் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். சில நிமிடங்கள் மென்மையாக ஓட்டுவதே தக்க முறை. குளிர்நீரின் வெப்பமானி உயர்ந்த பின்னரும் எண்ணெய் முழுதும் சூடேறச் சிறிது நேரம் வேண்டும் என்பதும் நினைவிற்கொள்ளற்பாலது. கடுமையாக ஓட்டிய பின் உடனே நிறுத்தினால், ஓட்டம் நின்ற எண்ணெய் சுழலியின் வெப்பத்தால் கருகிப் படியும்; ஆதலின் நிறுத்துமுன்னும் சற்றுப் பொறுத்தல் வேண்டும்.

1980களில் தாங்கிக் கூட்டை நீரால் குளிர்விக்கும் முறை பரவியது. செயற்கை எண்ணெய்களும் பெருகின. இன்று பல வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடு, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வலுவைத் தானே மட்டுப்படுத்துகின்றது. கப்பற் பொறியியலாளரிடம் இருந்த ஒழுங்கு ஓட்டுநரை அடைந்து, அவரிடமிருந்து பொறிக்குள்ளேயே புகுந்துவிட்டது. இதனால் பொறி காக்கப்படுகின்றது. ஆனால் ஏன் பொறுக்க வேண்டும் என்னும் அறிவு ஓட்டுநரிடமிருந்து மறைகின்றது. அக்கட்டுப்பாடு இல்லாத பழைய வண்டியொன்று அவர் கைக்கு வரும்போது அவ்விழப்பு வெளிப்படும். ஒரு பொறியைப் பெறுவோர் அதனோடு பிறந்த ஒழுங்கையும் பெற்றாலன்றி அப்பேறு முழுமையுறாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.