குடை ஏந்திய குருவும் கம்பளி பின்னும் மூதாட்டியும்

கொலையொன்றை விரிவாகப் பேசும் நூலைப் படித்து முடித்து, மன நிறைவோடு விளக்கை அணைத்து உறங்கச் செல்வோர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் கொடுமையை விரும்புவோர் அல்லர். நம்மைப் போன்ற சாதுவான மனிதர்களே. கோவிலும் பூந்தோட்டங்களும் தேநீர் விருந்துகளும் நிறைந்த ஒரு சிற்றூர்; அங்கே எதிர்பாராத ஒரு கொலை; மர்மத்தை விடுவிப்பவரோ காவல்துறையைச் சேராத ஒரு சாதாரண மனிதர். இத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்று அழைக்கின்றனர். குளிர்காலத்தில் கணப்பருகே அமர்ந்திருக்கும் இதத்தைச் சுட்டும் சொல் அது. மரணத்தைப் பேசும் கதை மனத்துக்கு இதம் தருவது எங்ஙனம்? விடை காண, இக்கதைகள் வளர்ந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1887இல் ஆர்தர் கோனன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ், துப்பறிதலையே தொழிலாகக் கொண்டவர். காலடித் தடமும் புகையிலைச் சாம்பலும் வேதியியலும் அவருடைய கருவிகள். 1910இல் ஜி. கே. செஸ்டர்ட்டன் இவருக்கு முற்றிலும் மாறான ஒருவரைப் படைத்தார். குட்டை உருவம், உருண்டை முகம், கையில் ஒரு பெரிய குடை, பார்ப்போர் எளிதில் ஏமாற்றிவிடலாம் என எண்ணத்தக்க தோற்றம். அவரே அருள்தந்தை பிரவுன்.

இப்பாத்திரம் பிறந்த கதையைச் செஸ்டர்ட்டன் தம் தன்வரலாற்றில் கூறியுள்ளார். யார்க்‌ஷயர் பகுதியில் பணியாற்றிய அருள்தந்தை ஜான் ஓ'கானர் என்பவரோடு உரையாடியபோது, உலகின் தீமைகளைத் தம்மைவிட அவர் ஆழமாக அறிந்திருப்பது கண்டு செஸ்டர்ட்டன் திகைத்தார். அதே நாளில் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், குருக்கள் உலகம் அறியாதவர்கள் என்று பரிவோடு பேசிக்கொண்டனர். செஸ்டர்ட்டனுக்குச் சிரிப்பை அடக்குவதே அரிதாயிற்று. பிறர் பாவங்களை ஒப்புரவுத் தொட்டியில் செவிமடுக்கும் ஒருவர் தீமையை அறியாதிருப்பாரா? இந்த வேடிக்கையிலிருந்தே துப்பறியும் குரு உருவானார். அக்காலத்தில் செஸ்டர்ட்டன் கத்தோலிக்கர் அல்லர். 1922இல் அவரைத் திருச்சபையில் ஏற்றுக்கொண்டவர் இதே அருள்தந்தை ஓ'கானர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வகை எழுத்துக்குச் சட்டம் வகுத்தவர்களுள் ஒருவரும் ஒரு குருவே. ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரின் மகனாகப் பிறந்து 1917இல் கத்தோலிக்கரான ரொனால்ட் நாக்ஸ், பின்னாளில் விவிலியம் முழுவதையும் தனியொருவராக ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர் 1929இல் துப்பறியும் கதைக்கெனப் பத்துக் கட்டளைகளை விளையாட்டாக வரைந்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தென்பட வேண்டும். துப்பறிபவர் காணும் தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைத்தல் ஆகாது. இயற்கை கடந்த சக்திகளைக் கொண்டு மர்மத்தை விடுவித்தல் கூடாது. மறுவுலகை நம்பும் குருவே ஆவிகளைக் கதையிலிருந்து விலக்கியது நமக்கு வியப்பளிக்கலாம். ஆனால் நம்பிக்கை அறிவுக்குப் பகையன்று என்பதே அவருடைய துணிபு. பிரவுனின் முதற்கதையிலும் குரு வேடமிட்ட திருடன் உண்மையான குரு அல்லன் என்பதைப் பிரவுனுக்கு உறுதிப்படுத்தியது, அவன் பகுத்தறிவை இழித்துப் பேசியதே.

1930இல் துப்பறியும் கதையாசிரியர்கள் இலண்டனில் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். செஸ்டர்ட்டன் அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டில் அகதா கிறிஸ்டியின் நாவலொன்று வெளிவந்தது. ஆங்கிலிக்கன் பங்குக்குரு ஒருவரின் படிப்பறையில் கர்னல் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். கதையைச் சொல்பவர் அந்தக் குருவே. அந்தக் கர்னலை யாரேனும் கொன்றால் அது உலகுக்குச் செய்யும் தொண்டு என்று, கொலைக்கு முந்தைய நாள் உணவு மேசையில் வாய்தவறிச் சொன்னவரும் அவரே! மர்மத்தை விடுவிப்பவர் மிஸ் மார்ப்பிள்: மணமாகாத மூதாட்டி, கம்பளி பின்னுபவர், தோட்டத்தில் நின்றபடியே ஊர் நடப்பை அறிபவர். மனித இயல்பு எங்கும் ஒன்றே என்பது அவருடைய கொள்கை. பெருங்குற்றவாளியைப் பார்க்கையில் அவர் நினைவுக்கு வருவது, தம் சிற்றூரில் சில்லறை ஏமாற்று புரிந்த யாரோ ஒருவருடைய முகம்.

இக்கதைகள் செழித்த காலத்தை நாம் மறத்தலாகாது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப்போரில் பிரித்தானிய வீரர்கள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். சிற்றூர்தோறும் நினைவுச் சிலுவைகள் எழுந்தன. பலருக்குக் கல்லறைகூட இல்லை. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில், உடல் கிடைக்காத வீரர் 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏன் இறந்தான், யாரால் இறந்தான் என்று ஒவ்வொரு தாயும் கேட்ட கேள்விக்கு விடையளிப்பார் இல்லை. அதே ஆண்டுகளில் வெளிவந்த கதைகளிலோ, ஒரே ஒரு மனிதனின் சாவுக்காக ஓர் ஊரே தன் அன்றாட ஓட்டத்தை நிறுத்திக்கொள்கிறது. அவன் எத்தனை மணிக்கு எவ்வாறு இறந்தான் என்பது பொருட்படுத்தப்படுகிறது. ஒவ்வோர் உயிருக்கும் கணக்கு உண்டு என்ற இந்த உறுதியே, அக்கதைகள் தந்த இதத்தின் வேர் எனலாம்.

இன்னொரு வேரும் உண்டு. கொலையாளி அகப்படும்வரை ஊரில் எவரும் எவரையும் நம்புவதில்லை. உண்மை வெளிப்படும்போது மாசற்றோர் ஐயத்தின் பிடியிலிருந்து விடுதலை பெறுகின்றனர். அந்த உண்மையை வெளிக்கொணர்பவர், எவரும் பொருட்டாக மதியாத ஒரு மூதாட்டி அல்லது ஒரு குரு. எளியோர்க்கும் கண்ணுண்டு, அவர்தம் சொல்லுக்கும் மதிப்புண்டு என்பது வாசகர்க்குப் பெரும் ஆறுதல்.

ஆயினும் இந்த இதத்தில் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. ஆங்கிலக் கவிஞர் ஆடன் இக்கதைகளுக்கு அடிமைப்பட்டவர்; கையிலெடுத்தால் முடிக்கும்வரை வேறு பணி ஓடாது என்று ஒப்புக்கொண்டவர். 1948இல் எழுதிய கட்டுரையில் அவர் இதை ஆராய்ந்தார். ஏதேன் தோட்டம் போன்ற ஓர் ஊரில் குற்றம் நுழைகிறது, ஒருவன் வெளியேற்றப்படுகிறான், மற்றவர் மீண்டும் மாசற்றவராகின்றனர். நாமும் குற்றமற்றவர் என்ற கனவை வாசகர் இதன்வழி சுவைக்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. ஒருவன்மீது முழுப் பழியையும் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக உறங்குவது நேரிய அமைதியாகுமா?

அன்றைய பிரித்தானியாவில் கொலைக்குத் தண்டனை தூக்குக்கயிறு. 1965இல்தான் அது நிறுத்தப்பட்டது. பெரும்பாலான கதைகள் கைதோடு முடிந்து, தூக்குமேடை வாசகர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டன. டாரத்தி சேயர்ஸ் அவ்வாறு தப்பிச் செல்லவில்லை. 1937இல் வெளியான அவருடைய நாவலின் இறுதியில், கொலையாளி தூக்கிலிடப்படும் வேளை நெருங்க நெருங்க, அவனைக் கண்டுபிடித்த துப்பறிவாளர் பீட்டர் விம்ஸி உள்ளம் நொறுங்கி அழுகிறார். புதிரை விடுவித்த பெருமிதம் அங்கே இல்லை. ஒரு மனித உயிரின் சுமையே உள்ளது.

அருள்தந்தை பிரவுன் இச்சுமையைத் தொடக்கமுதலே அறிந்தவர். 1927இல் வெளிவந்த தொகுதியில் தம் இரகசியத்தை அவர் வெளியிடுகிறார்: குற்றவாளியை வெளியே நின்று ஆராயாமல், அக்குற்றத்தைத் தாமே செய்யக்கூடியவர் என்று உணருமளவுக்கு அவன் உள்ளத்துள் அவர் நுழைந்துவிடுகிறார். 1911ஆம் ஆண்டுத் தொகுதியின் கதையொன்றில், கோவில் கோபுரத்திலிருந்து சுத்தியலை எறிந்து தன் அண்ணனைக் கொன்றவன் ஓர் ஆங்கிலிக்கன் உதவிக்குரு. உயரத்தில் தனித்து நின்று மன்றாடிப் பழகியதால் கீழே நடமாடும் மனிதர் அவனுக்குப் பூச்சிகளாகத் தோன்றினர். பிரவுன் அவனை உயிர்மாய்ப்பிலிருந்து தடுக்கிறார், காட்டிக்கொடுக்கவும் மறுக்கிறார். அவனோ தானே இறங்கிச் சென்று சரணடைகிறான்.

இவ்வகைக் கதைகள் இன்றும் ஓயவில்லை. 1977இல் எல்லிஸ் பீட்டர்ஸ் ஷ்ரூஸ்பரி மடத்துத் துறவி காட்ஃபெலைத் துப்பறிய வைத்தார். 2020இல் ரிச்சர்டு ஆஸ்மன் முதியோர் குடியிருப்பு ஒன்றின் நால்வரை அப்பணியில் ஈடுபடுத்தினார். பொழுதுபோக்காக அவற்றைப் படிப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் குற்றவாளியின் பெயர் வெளிப்படும்போது, நாம் நிற்பது எவ்விடம் என எண்ணிப் பார்ப்பது நன்று. கோபுரத்தின்மேல் நின்று நோக்கினால் மனிதர் சிறுத்துப்போவர். தெருவில் அவரருகே நின்று நோக்கினால், குற்றவாளியின் முகத்திலும் நமக்குப் பழகிய சாயல் ஒன்று தென்படும்.