பூமுக்கு ஒரு கவைக்கோல்

சின்னப் பாய்மரப் படகில், பாயின் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாய்மரத்திலிருந்து பின்பக்கமாக நீளும் கட்டைக்கு ஆங்கிலத்தில் பூம் என்று பெயர். பாய் ஏறியிருக்கும்வரை அந்தப் பாயே கட்டையின் பின்முனையைத் தூக்கிப் பிடிக்கும். பாயை இறக்கினதும் பிடிமானம் போயிடும். கட்டை நேரா படகுக்குள்ள விழும், சுக்கான் பிடிக்கிறவர் தலை அங்கே இருந்தா தலைமேல. அதைத் தாங்க வைக்கிற முட்டுதான் பூம் கிரட்ச், அதாவது ஊன்றுகோல். பெரிய படகில் இரண்டு தூண் நிறுத்தி மேலே குறுக்குச் சட்டம் போட்டால் அதன் பெயர் 'கேலோஸ்', தூக்குமரம். மாலுமிகளின் நகைச்சுவை அப்படி.

இதைப் பெரும்பாலும் படகுக்காரர்களே கையால் செய்துகொள்கிறார்கள். உறுதியான இரண்டு மரச்சட்டம், மேல்முனையிலிருந்து கொஞ்சம் கீழே துளை போட்டு ஒரு போல்ட். விரித்தால் எக்ஸ் வடிவம். மேலே கிடைக்கிற கவையில் பூம் உட்காரும். உரசாமல் இருக்க அங்கே பழைய தோலோ ரப்பர் ட்யூபோ சுற்றணும். கால்கள் வழுக்கி விரியாமல் கீழே ஒரு கயிறு. நெசவாளர் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டும்போது, அது தரையில் படாமல் இருக்க மூங்கிலைக் கத்தரி மாதிரி கட்டி நிறுத்துவாங்களே, அதே வடிவம்தான். கடல் பார்க்காத எங்க ஓரிக்கைக்காரர்களுக்கும் இதை விளக்கவே வேண்டாம்.

ஆனா பாவுக்கும் பூமுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படகு ஆடும். கவையில் சும்மா வைத்த கட்டை முதல் பெரிய அலையிலேயே துள்ளி வெளியே வந்துடும். அதனால பாயைக் கட்டுப்படுத்துகிற கயிறை இறுக்கி, பூமைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுவாங்க. முட்டு மேலே தள்ளும், கயிறு கீழே இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் கட்டை அசையாது. கயிறு இல்லாத முட்டு பாதி வேலைதான்.

சரி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில் இந்தச் சாமானுக்கு ஏன் ஒரு பழைய தமிழ்ப் பெயர்கூடக் காதில் விழவில்லை?

கட்டுமரத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். திரிகோணமலையில் கப்பல் கட்டுமானத்தைக் கவனித்துவந்த ஜான் எடை 1834இல் சோழமண்டல, மலபார், இலங்கைப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதினார். மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றத்தைப் பற்றி எழுதினார். சோழமண்டலக் கடற்கரையில் பெரும்பாலும் இயற்கைத் துறைமுகம் கிடையாது, அலை நேரா மணலில் வந்து அடிக்கும். படகை நீரில் நிறுத்தி வைக்கவே முடியாது. வேலை முடிந்ததும் கரைக்கு ஏற்றணும். முக்கோணப் பாய் சாய்வான ஒரு கழியில் கட்டியிருக்கும். இறக்கினால் கழியும் பாயும் சேர்ந்தே வரும், சுருட்டித் தோளில் வைத்துப் போகலாம். கடைசியில் கட்டுமரத்தின் கட்டையும் அவிழும், ஏன்னா ஈரம் ஊறின மரம் கனக்கும், காயணும். படகே பிரிந்து கிடக்கும்போது எதற்கு முட்டு?

முட்டுக்கு வேலை வருவது படகு பாய்மரத்தோடு அப்படியே நிற்கும்போதுதான். அதற்கு அமைதியான நீர் வேணும். சென்னையில் அந்த நீர் செயற்கையாக உண்டானது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் புயல் கட்டியதைப் பெயர்த்துப்போட்டது, மறுபடி கட்டினார்கள். 1904இல் துறைமுகத் தலைவரான பிரான்சிஸ் ஸ்பிரிங் நுழைவாயிலை வடகிழக்குக்கு மாற்றினார். அதே ஸ்பிரிங்தான் 1911இல் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பையும் தொடங்கினார். இரண்டும் ஒரே ஆளின் வேலையாக அமைந்தது தற்செயல் இல்லை என்பது என் கணிப்பு. சுவர் எழுப்பி அலையை நிறுத்தின பிறகுதான் இங்கே பொழுதுபோக்குப் பாய்ப்படகுக்கும், அதன் பூமுக்கும், அதைத் தாங்கும் கவைக்கும் இடம் கிடைத்தது.

சொல் மட்டும் எதிர்த்திசையில் போனது. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூலிலேயே கட்டுமரம் ஆங்கில எழுத்தில் இருக்கு. இன்று 'கேட்டமரான்' என்றால் இரட்டை உடல் படகு. நம்ம கட்டுமரத்துக்கும் அதுக்கும் பெயர்தான் உறவு, வடிவம் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. இதைவிட எனக்குச் சுவையானது மிரர் படகு. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும், சாதாரண ஆள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி வடிவமைத்தது. பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்டினால் படகு. பலகையைக் கயிறால் தைத்த மசூலா படகுகள் இதே சென்னைக் கரையில் அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்வந்தன. தையல் இங்கேயும் இருந்தது, பூம்தான் இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன, கட்டுமரமும் பாயும் குறைந்துபோச்சு. ஆனா துறைமுகம் இல்லாத குப்பங்களில் இன்றும் கரையேறினதும் முதல் வேலை, வெளிப்புற இன்ஜினைக் கழற்றி, ஒரு கம்பில் மாட்டி, இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது.